டிராயிங் படிக்கத் தெரிந்தவர்களிடம் பேடன்டைக் கொடுங்கள்: வடசென்னைச் சிறுதொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும், எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து எண்ணூர் வரை பட்டறை நடத்துகிற ஐயாமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

வணக்கம்.

வியாசர்பாடியில் ஒரு சந்துக்குள் இரண்டு ட்ராப் மெஷினும் (தானாக ஓடுகிற லேத்) ஒரு சாதா லேத்தும் வைத்துப் பட்டறை நடத்தியவரின் மகள் நான். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டருக்குப் பித்தளையில் ஜெட்டும், எஃகில் த்ராட்டில் ஸ்பிண்டிலும் ஓட்டிக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் பாவாடை ஓரத்தில் எப்போதும் ஒரு பித்தளைச் சீவல் ஒட்டிக்கொண்டிருக்கும். சீவலை எடைக்குப் போட்ட காசில்தான் அம்மா எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவார். அந்தப் பட்டறைதான் என்னை இன்ஜினியரிங் படிக்கவைத்தது. பதிலுக்கு அதற்கு நான் கொடுத்திருக்க வேண்டிய ஒன்றை, கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் விட்டேன். அதைச் சொல்லவும், உங்களிடம் ஒன்று கேட்கவும்தான் இந்த மடல்.

எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் "கொரோனாவுல போச்சு" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ்) என்ற வாகனப் புகை விதி வந்தது. நடுவில் ஒரு வாரம்தான். ஊரடங்கு தளர்ந்ததும் ஆர்டர் திரும்பி வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பாவும் பித்தளை ராடு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆனால் அந்த ஒரு வாரத்தில், புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இருந்த இடத்தை, பெட்ரோலை அளந்து பீச்சுகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய வண்டிகளுக்கான ஸ்பேர் மட்டும் கொஞ்சம் போனது. மறு வருடம் ஒரு ட்ராப் மெஷின் காயலான் கடைக்கு எடைக்குப் போனது. அன்றைக்கு அப்பா பட்டறைக்கு வரவில்லை. சாவியை என் கையில்தான் கொடுத்தார்.

எங்கள் தொழிலை முடித்தது கொரோனா இல்லை. இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2011-இலிருந்து எட்டு வருடம் நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பேடன்ட் தேடல் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகக் காப்புரிமை ஆவணங்களைப் படித்து, எந்தத் துறை எந்தப் பக்கம் போகிறது என்று அறிக்கை எழுதுவது வேலை. சேர்ந்த அடுத்த வருடம் எனக்குக் கொடுத்த தலைப்பு, சிறிய இன்ஜின்களுக்கான மலிவான ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். மூன்று மாதம் அதைத்தான் படித்தேன். கார்புரேட்டரிலேயே உலகப் பெயர் எடுத்த கெய்ஹின், மிக்குனி போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் காற்றை அளந்து விடுகிற த்ராட்டில் பாடியையும் பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டரையும் பற்றி எழுதிக் குவித்திருந்தன. மாலையில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். மேசை மேல் அப்பா எண்ணி வைத்த ஜெட் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அது ஆபீஸ் விஷயம், இது வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டேன்.

பேடன்ட் என்றால் பலருக்கும் ஏதோ பெரிய கம்பெனிகள் கோர்ட்டில் அடித்துக்கொள்கிற சமாசாரம் என்ற எண்ணம் இருக்கிறது. அதன் அடிப்படை ஒரு பண்டமாற்று. கண்டுபிடித்தவருக்கு அரசு 20 ஆண்டுகள் தனி உரிமை தருகிறது. பதிலுக்கு அவர் செய்முறையை முழுதாக, தனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த முறையோடு, படத்தோடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். விண்ணப்பித்த 18 மாதத்தில் அது உலகமே பார்க்கும்படி வெளியாகிவிடும். நம் நாட்டில் காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. காசு கிடையாது. சென்னைக் கிளை கிண்டியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போகவும் தேவையில்லை, இணையத்திலேயே படிக்கலாம். கூகுள் பேடன்ட்ஸ், ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் இரண்டும் இலவசம். ஜப்பானிய, சீன ஆவணங்களுக்கு இயந்திர மொழிபெயர்ப்பும் அங்கேயே கிடைக்கிறது.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வகைப்பாட்டு எண் உண்டு. உலகம் முழுக்க ஒரே முறை. இன்ஜினுக்கு எரிபொருள் ஊட்டுகிற சாதனங்களுக்கு எஃப் 02 எம். அதற்குள் 1 முதல் 19 வரை கார்புரேட்டர், 39 முதல் 71 வரை இன்ஜெக்‌ஷன். ஆக நம் தொழில் இருந்த அறையும் அதைக் கொன்ற தொழில் இருந்த அறையும் ஒரே வீட்டில், ஒரே நடையில்தான் இருந்தன. ஒரு அறையில் விளக்கு ஒவ்வொன்றாக அணைவதையும் இன்னொன்றில் கூட்டம் சேர்வதையும் நடையில் நின்றபடியே பார்த்திருக்கலாம்.

அறிகுறி எவ்வளவு முன்பே இருந்தது என்று பாருங்கள். பாஷ் நிறுவனத்தின் மின்னணு இன்ஜெக்‌ஷன் 1967-லேயே ஃபோக்ஸ்வாகன் காரில் வந்துவிட்டது. அதற்கு அடிப்படை, அமெரிக்காவின் பெண்டிக்ஸ் 1950-களில் உருவாக்கிய முறைக்கான காப்புரிமைகள். 1980-இல் கவாசாகி அதை மோட்டார் சைக்கிளில் வைத்தது. 2006-இல் நம் ஊர்த் தெருவிலேயே ஹீரோ ஹோண்டாவின் கிளாமர் எஃப்.ஐ. ஓடியது. பி.எஸ்.-5-ஐத் தாண்டி நேராக பி.எஸ்.-6-க்குப் போகப்போகிறோம் என்று அரசு அறிவித்தது 2016 ஜனவரியில். விதி என்றைக்கு வரும் என்பதைத்தான் அந்த அறிவிப்பு சொன்னது. விதி வந்தால் எந்த பாகம் போகும், எது அதன் இடத்துக்கு வரும் என்பது அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே படம் போட்டு எழுதப்பட்டிருந்தது.

இனி, இந்த மடலை எழுதவைத்த சம்பவம். 2022-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கோப்புகளில் இருந்த த்ராட்டில் பாடி காப்புரிமை ஒன்றின் படத்தை அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, படத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இது நம்ம ஸ்பிண்டில்தானே?" என்றார்.

பெட்ரோல் வருகிற வழி மாறியிருந்தது. ஜெட், நீடில், ஃப்ளோட் எல்லாம் போய்விட்டன. ஆனால் காற்றைத் திறந்து மூடுகிற பட்டர்ஃப்ளை வால்வும் அதைத் தாங்குகிற ஸ்பிண்டிலும் அப்படியே இருந்தன. "நாம போடுறத வுட ஃபினிஷ் கேக்குறான், அவ்ளோதான். ஒரு சென்டர்லெஸ் கிரைண்டர் இருந்தா நாமளே குடுத்துக்கலாம்" என்றார். அப்புறம் கேட்டார்: "இது எப்போ வந்தது?" பத்து வருடத்துக்கும் மேல் ஆகிறது என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னும் ஷீட்டு இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் படித்த ஆவணங்களில் அந்த ஸ்பிண்டில் இருந்தது. அது என் கண்ணில் படவில்லை. எனக்கு அது "த்ராட்டில் ஷாஃப்ட், குறிப்பு எண் இத்தனை", அவ்வளவுதான். அதைத் தினம் ஆயிரம் முறை கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரிந்தது. வடசென்னையில் டிராயிங் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தென்சென்னையின் கண்ணாடிக் கட்டடங்களில் காப்புரிமை தேடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் நம் பிள்ளைகள். இந்த இரண்டு கூட்டமும் ஒரு மேசையில் உட்கார்ந்ததே இல்லை. என் மனசை அறுப்பது இதுதான்.

எதிர்காலத்தைக் கணிக்க முடியுமா என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. எம்.ஐ.டி.யில் கிறிஸ்டோபர் மேகியும் அவருடைய கூட்டாளிகளும் 28 தொழில்நுட்பங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வருடத்துக்கு எவ்வளவு வேகமாக மேம்படுகிறது என்பதையும் அதன் காப்புரிமைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரு காப்புரிமை வெளியான முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே மற்றவர்கள் அதை அடிக்கடி மேற்கோள் காட்டினால், அந்தத் துறை வேகமாக ஓடுகிறது என்று தெரிந்தது. இதை நம் பாஷையில் சொல்வதானால், பக்கத்துப் பட்டறைக்காரர் உங்கள் ஜிக்கைப் பார்த்துவிட்டு மறுவாரமே தன் பட்டறையில் அதை மாற்றிச் செய்ய ஆரம்பித்தால், அந்த வேலைக்குச் சூடு பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

காப்புரிமைக்கும் முன்னால் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. அமெரிக்கத் தொழில் நிறுவனங்களின் காப்புரிமைகள் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் 73 சதவீதம் பல்கலைக்கழகம், அரசு ஆய்வகம் போன்ற பொது நிறுவனங்களில் எழுதப்பட்டவை என்று பிரான்சிஸ் நேரின் என்ற ஆய்வாளரின் குழு 1997-இல் காட்டியது. லித்தியம் அயன் பேட்டரியின் கதையும் அந்த வரிசையில்தான் வருகிறது. அமெரிக்க விஞ்ஞானி குட்இனஃப் குழுவின் கட்டுரை 1980-இல் வந்தது. ஜப்பானின் யோஷினோ 1985-இல் பேட்டரிக்கு வடிவம் கொடுத்தார். 1991-இல் சோனி அதைக் கடையில் வைத்தது. 2019-இல்தான் நோபல் பரிசு. இன்று மின்சார ஆட்டோக்களிலும் பேருந்துகளிலும் பரவலாகப் போகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை அதே குட்இனஃப், அக்‌ஷய பாதி, நஞ்சுண்டசாமி என்ற இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து 1997-இல் வெளியிட்டார். அதன் அடிப்படைக் காப்புரிமைகள் 2022 வாக்கில் முடிந்துபோயின. நம் பக்கத்திலேயே, காரைக்குடியில், 1948-இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அவர்கள் வெளியிடுகிற கட்டுரைகளை நம் சங்கங்களில் யாராவது ஒருமுறையாவது எடுத்துப் பார்த்திருக்கிறோமா?

2025 ஜூன் 30 அன்று எங்கள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. தெருவே வாசலில் நின்று பார்த்தது; நானும் நின்றேன். சத்தமில்லாமல் அவை திரும்பிப் போனபோது எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. அந்த வண்டியில் பிஸ்டன் கிடையாது, கிளட்ச் கிடையாது, ஆயில் ஃபில்டர் கிடையாது. நம் பகுதியில் எத்தனை பட்டறை இவற்றின் உதிரிகளை நம்பி ஓடுகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஐரோப்பிய காப்புரிமை அலுவலகமும் சர்வதேச எரிசக்தி முகமையும் சேர்ந்து 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2005 முதல் 2018 வரை மின்சேமிப்புத் துறையில் காப்புரிமைகள் ஆண்டுக்குச் சராசரியாக 14 சதவீதம் கூடின. எல்லாத் துறைகளின் சராசரியைப் போல் இது நான்கு மடங்கு. எஃப் 02 எம்-இல் நாம் கோட்டைவிட்ட அதே கூட்டம் இப்போது பேட்டரிக்கான எச் 01 எம்-இலும், மோட்டாருக்கான எச் 02 கே-யிலும், மின்வண்டி ஓட்டத்துக்கான பி 60 எல்-இலும் சேர்ந்து நிற்கிறது.

அங்கே எதைத் தேட வேண்டும்? நம் ஸ்பிண்டிலைத் தேட வேண்டும். எது மாறினாலும் மாறாமல் மிஞ்சி நிற்கிற, லேத்தும் மில்லிங்கும் தொடக்கூடிய பாகத்தை. இரண்டு உதாரணம் மட்டும் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் நம் வண்டி நிறுவனங்கள் தடுமாறின. அந்தக் காந்தமே இல்லாமல் ஓடுகிற ரிலக்டன்ஸ் மோட்டாரைப் பற்றிய காப்புரிமைகள் பல ஆண்டுகளாக எச் 02 கே-யில் கிடக்கின்றன. அவற்றில் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஷாஃப்ட், பேரிங் இருக்கை, ஹவுசிங் எல்லாவற்றிலும் டாலரன்ஸ், அதாவது அளவில் விடக்கூடிய பிசகு, இறுகும். மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த கைக்கு அங்கே வேலை இருக்கிறது. இன்னொன்று, சோடியம் அயன் பேட்டரி. லித்தியம் பேட்டரியில் ஒரு பக்கம் தாமிரத் தகடு வேண்டும். சோடியத்தில் இரண்டு பக்கமும் அலுமினியம் போதும். இன்று பேட்டரிக்கு மின்சாரத்தைக் கடத்துகிற தாமிரப் பட்டை (பஸ்பார்) வெட்டிக் கொடுக்கிற ஒருவர் இதை இப்போதே தெரிந்துகொண்டால், அலுமினியத்தை வெட்டவும் பற்றவைக்கவும் கையைப் பழக்கிக்கொள்வார். சோடியம் வருமா வராதா என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. வந்தால் திகைக்காமல் இருப்பது பற்றித்தான் சொல்கிறேன்.

ஏமாறுகிற இடங்களும் உண்டு. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக்கூடாது. சீனாவில் காப்புரிமை எடுத்தாலே மானியம் என்று பல ஆண்டுகள் இருந்தது. குவிந்தது எல்லாம் சரக்கு இல்லை என்று அவர்களே உணர்ந்து, 2025-க்குள் அந்த மானியங்களை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தார்கள். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கிற ஃப்யூயல் செல்லுக்கு 2000-களின் தொடக்கத்தில் காப்புரிமைகள் பெருகின. ஆனால் அந்த வண்டிகள் சாலையை நிறைக்கவில்லை. அதே ஹைட்ரஜன் 2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ரயில் பெட்டியாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. முதலில் எதிர்பார்த்த இடத்தில் வராத ஒன்று இருபது வருடம் கழித்து வேறு வாசலில் வந்து நிற்கலாம். ரயில்வே என்றதும் ஜேக்கப் ஷ்மூக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்க ரயில் துறையில் முதலீடு ஏறியபின்தான் காப்புரிமைகள் ஏறின என்று அவர் 1960-களில் கணக்கெடுத்துக் காட்டினார். பணம் போகிற பக்கம்தான் மூளையும் போகிறது. அதனால் காப்புரிமையை மட்டும் பார்த்தால் போதாது, டெண்டரையும் பார்க்க வேண்டும். டெண்டர் பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் அதிகம் நம்புகிற ஒரு குறி உண்டு. காப்புரிமையை உயிரோடு வைத்திருக்க ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். நம் நாட்டில் மூன்றாம் ஆண்டிலிருந்து அது தொடங்கி, போகப்போகக் கூடும். கட்டாமல் விட்டால் உரிமை போய்விடும். எதற்கு ஒரு நிறுவனம் தொடர்ந்து பணம் கட்டுகிறது, எதைக் கைவிட்டது என்பதும் பதிவேட்டில் இருக்கிறது. பேட்டியில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். வருடா வருடம் பணம் கட்டுவது வேறு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இது கணிப்பு இல்லை, நேரடி வரும்படி. காப்புரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி. அமெரிக்காவில் மட்டும் எடுத்து, இந்தியாவில் எடுக்காமல் விட்டதை இங்கே செய்து இங்கேயே விற்கத் தடையில்லை. 20 ஆண்டு முடிந்ததும் அப்படித்தான். ஃபிக்சர், வால்வு, பம்ப், கப்ளிங் என்று நம் கைக்கு எட்டுகிற எத்தனையோ பொருள்கள் படத்தோடு அங்கே கிடக்கின்றன. ஆனால் இந்தியப் பதிவேட்டில் நிலையைப் பார்த்து, தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு சங்கமும் மாதத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், சங்கக் கூடத்தை இதற்குக் கொடுங்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு பெரிய மேசை. படங்களை ஏ3 தாளில் அச்சடித்துப் பரப்பிவைப்போம். தேடுகிற வேலையை நானும் என்னோடு வேலை பார்த்த நான்கைந்து பேரும் பார்த்துக்கொள்கிறோம்; சம்பளம் வேண்டாம். உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்து படத்தைப் பார்க்க வேண்டும்: இது என்னால் முடியும், இது முடியாது, இதற்கு இன்ன மெஷின் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதை ஒரு நோட்டில் எழுதிவைப்போம். டர்னர்களையும் ஃபிட்டர்களையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். முதலாளிகள் மட்டும் வந்தால் அந்த ஸ்பிண்டில் மறுபடியும் கண்ணில் படாமல் போய்விடும். பெண்கள் வேலை செய்கிற அசெம்பிளி யூனிட்டுகளையும் விட்டுவிடாதீர்கள்.

இது நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. என் தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும். ஷிஃப்ட் முடிந்ததும் படிப்பகத்துக்குப் போவார். படிக்கத் தெரிந்த ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார், சுற்றி உட்கார்ந்தவர்கள் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், சண்டை போடுவார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் 1918-இல் அந்த மில் தொழிலாளர்களிடமிருந்துதான் எழுந்தது. மில் 1996-இல் மூடிவிட்டது. ஆனால் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கிற அந்தப் பழக்கம் புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் டீக்கடைகளில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

முதல் கூட்டத்துக்கு மோட்டார் ஷாஃப்ட், ஹவுசிங் பற்றிய முப்பது ஆவணங்களை எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மிச்சமிருக்கிற ஒரு ட்ராப் மெஷினை அவர் இன்னும் விற்கவில்லை. வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறார். இந்த மாதச் செயற்குழுவில் இந்த மடலை வாசித்து, எந்த நாள், எந்தக் கூடம் என்று முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடி லேத்துப் பட்டறைக்காரர் ஒருவரின் மகள்